நோட்டீஸில் நட்ட புங்கமரம்

“…அதெல்லாம் பின்னாடி வரும் தம்பி. ரோடு வரும், கரண்டு வரும், பஸ்ஸுகூட வரும். மரம் வருமா? அதனாலதான் சொல்றேன், இந்த மரத்துக்குப் பக்கத்துல இருக்கற மனை எதுன்னு மட்டும் காட்டுங்க, எனக்கு அது போதும்” என்று சொல்லி, அமுதா அக்கா நோட்டீஸை விரித்து ஒரு புங்கமரத்தின் மேல் விரலை வைத்தார். வேன் அப்போதுதான் பெருங்களத்தூர் தாண்டியிருந்தது. கூடுவாஞ்சேரிக்கு இன்னும் அரை மணி நேரம். அந்த மரம் அங்கே இல்லை என்பது மனை பார்க்க வேனில் வந்த பதினைந்து பேருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஏனென்றால் அதை அங்கே வைத்தவன் நான்தான்.

அது நடந்து இருபது வருடம் ஆகியிருக்கும். போன வாரம் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் இறங்கும்போது யாரோ கையில் ஒரு நோட்டீஸைத் திணித்தார்கள். வழவழ ஆர்ட் பேப்பர், மூன்று மடிப்பு. எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அச்சடித்த தாள் எது கைக்கு வந்தாலும் படிப்பதற்கு முன்னால் மோந்துபார்த்துவிடுவேன். கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, காதுகுத்துப் பத்திரிகையானாலும் சரி. பார்க்கிறவர்கள் ஒருமாதிரி பார்ப்பார்கள். அன்றைக்கும் மோந்தேன். புது மையின் வாசனை மூக்கில் ஏறியதும் மடிப்பைப் பிரித்து மரம் இருக்கிறதா என்று தேடினேன். இத்தனை வருடம் கழித்தும் மை வாசனைக்கு மரம் தேடுகிற ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

படம் எடுத்தும் டிசைன் போட்டும் விற்கத் தொடங்கியிருக்கிற சில நண்பர்கள், எப்படி விலை சொல்வது, எப்படி ஆள் பிடிப்பது என்று என்னிடம் கேட்பதுண்டு. நான் எந்தக் கல்லூரியிலும் இதைப் படித்தவன் இல்லை. இடறி விழுந்து தெரிந்துகொண்டவன். ஆகவே விழுந்த இடங்களை மட்டும்தான் காட்ட முடியும். அதில் பெரிய பள்ளம் இந்தப் புங்கமரம்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. மேற்குத் தாம்பரத்தில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே, மாடியில், யூசுப்பும் நானும் விசிட்டிங் கார்டும் பத்திரிகையும் டிசைன் போட்டுத் தருகிற ஒரு டிடிபி சென்டர் வைத்திருந்தோம். யூசுப் வீட்டில் எல்லோருக்கும் இரும்புக் கடை வியாபாரம். “காலம் பூரா ஆணியை எடை போட என்னால ஆவாது மச்சான்” என்று சொல்லிவிட்டு, அவன் வாப்பாவிடம் கெஞ்சி இரண்டு கம்ப்யூட்டர் வாங்கினான். இரண்டுக்கும் பெட்டி பெட்டியான பழைய மானிட்டர்கள். மத்தியானத்தில் அவை விடுகிற சூட்டோடு, கீழே செருப்புக் கடையிலிருந்து ரெக்சின் வாசனையும் ஏறி வந்து சேரும். இன்றைக்கும் புதுச் செருப்பு வாங்கப் போனால் எனக்கு விசிட்டிங் கார்டு ஞாபகம்தான் வரும்.

என்னிடம் ஒரு டிஜிட்டல் கேமரா இருந்தது. ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. பேட்டரி மூடி நிற்காது, ரப்பர் பேண்டு போட்டிருப்பேன். கஸ்டமர் முன்னால் அந்த ரப்பர் பேண்டை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டே படம் எடுப்பது ஒரு தனி வித்தை. அது போதாதென்று படம் எடுக்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு முட்டும். சரியாக வந்ததா, ஆடிவிட்டதா, கார்டில் பதிந்ததா? வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கிறவரை சோறு இறங்காது.

யூசுப் வாயைத் திறந்தால் ஏதாவது ஒன்று சொல்லுவான், நான் அதை மனத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். “அஞ்சு டிசைன் காட்டுனின்னா கஸ்டமர் ஆறாவதைக் கேப்பான் மச்சான். ரெண்டு காட்டு. அதுல ஒண்ணு மொக்கையா இருக்கட்டும்.” இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன், ஆனால் நடந்தது அப்படித்தான். ஆரம்பத்தில் ஆர்வக்கோளாறில் ஒரு ஸ்வீட் ஸ்டாலுக்கு ஏழு டிசைன் போட்டுக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஏழையும் மேசையில் பரப்பிவைத்து, “இதுல இருக்கற ஜாங்கிரி, அதுல இருக்கற விளக்கு, அந்த மூலைல இருக்கற ரோஸ் கலரு, எல்லாத்தையும் ஒண்ணாப் போடு” என்றார். போட்டேன். அதைப் பார்த்த பிறகு பல நாள் இனிப்பே சாப்பிடவில்லை.

விலை சொல்லுவது அதைவிடக் கொடுமை. “எவ்ளோ?” என்று கேட்டால் போதும், எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். “நீங்களே பாத்துக் குடுங்க சார்” என்று சொல்லிவிடுவேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் வாயிலிருந்து வரக்கூடாத வாசகம் அது. அவரும் பார்ப்பார், நன்றாகப் பார்ப்பார், பார்த்துவிட்டு டீக்காசு கொடுப்பார். வேலையைத் தொடங்கும் முன்னால் விலையைச் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பாருங்கள். நான் பிற்பாடு அப்படித்தான் செய்தேன். ஜன்னல் வழியாகத் தெரியும், திருச்சி போகிற ஜிஎஸ்டி ரோட்டில் எத்தனை பஸ் போகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

இப்படி ஜாங்கிரியும் பூப்புனித நீராட்டு விழாவுமாக ஓடிக்கொண்டிருந்த எங்கள் சென்டருக்கு ஒருநாள் லே-அவுட் சார் படியேறி வந்தார். அவருக்குப் பெயர் ஒன்று உண்டு, ஆனால் எல்லோருக்கும் அவர் லே-அவுட் சார்தான். குடும்பத்துக்கு ஒருகாலத்தில் வயல் இருந்தது, அதை மனை போட்டு விற்றுப் பழகி, பிறகு அடுத்தவர்கள் வயலையும் வாங்கி மனை போட ஆரம்பித்தவர். கூடுவாஞ்சேரிக்கு உள்ளே புதிதாக ஒரு லே-அவுட். அதற்கு மல்டி கலர் நோட்டீஸ் வேண்டும். அது நன்றாக அமைந்தால் இனி அவருடைய எல்லா லே-அவுட்டுக்கும் நாங்கள்தான். யூசுப் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். சந்தோஷம் வந்தால் அவனுக்கு அப்படித்தான்.

ஒரு பகல்பொழுதில் போய்ப் படம் எடுத்தேன். செம்மண் பூமி. வரிசையாக வெள்ளையடித்த எல்லைக் கற்கள். நுழைகிற இடத்தில் சிமெண்டில் ஒரு வளைவு, அதில் மட்டும் பெயிண்ட் ஈரம். வேறொன்றும் இல்லை, ஒரு காக்கா உட்கார இடம் இல்லை. கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்த லே-அவுட் சார் முகத்தைச் சுளித்தார்.

“இன்னாப்பா இது, இடுகாடு மாதிரி கீது. கல்லாக் கீதே! பச்சையா ஏதாச்சும் போடுப்பா.”

“பச்சைன்னா சார்?”

“மரம்பா, மரம். பாத்தா ஆளுங்களுக்குக் குளுகுளுன்னு இருக்கணும்.”

என்னிடம் ஒரு மரம் இருந்தது. பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் ஒரு சாயங்காலம் சும்மா எடுத்தது. குடை பிடித்த மாதிரி ஒரு புங்கமரம், அடியில் ஒரு ஆடு, ஒரு சைக்கிள். நாள் முழுக்க உட்கார்ந்து இலை இலையாக அதை வெட்டி எடுத்தேன். மவுஸைப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. சைக்கிளை அழித்தேன், ஆட்டை அழித்தேன், மரத்தை நிழலோடு கொண்டுவந்து செம்மண்ணில் நட்டேன். வேர்க்கால் தெரியாமல் இருக்க அடியில் கொஞ்சம் புல் முளைக்க வைத்தேன். யூசுப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். “மச்சான், காக்கா வந்து ஒக்காந்துடப் போவுது” என்றான். என் வேலைக்கு அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை.

பிறகு அவனே சொன்னான்: “அடியில ஓரமா, சின்னதா, ‘கற்பனைப் படம்’னு ஒரு வரி போட்டுடு மச்சான். பின்னாடி பேஜார் வாணாம்.”

போட்டேன். கடுகு சைஸில் போட்டேன். போட்டுப் பார்த்தால் அந்த மூலையின் அழகே கெட்டுவிட்டது. புல்லின் சரிவு அழகாக வந்து முடிகிற இடத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வரி. இடப்பக்கம் தள்ளினேன், வலப்பக்கம் தள்ளினேன், வெளிர்ப் பச்சையாக்கினேன். எப்படி வைத்தாலும் உறுத்தியது. அச்சுக்குப் பிலிம் எடுக்க சிடியில் பதிகிற கடைசி நிமிடத்தில் அந்த வரியை அழித்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், யாரையும் ஏமாற்ற இல்லை. ஓரம் சுத்தமாக இருக்கட்டும் என்றுதான். நம் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே இப்படி ஒரு காரணத்துக்காகப் பாவம் செய்யத் தோன்றும்.

அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையானால் தாம்பரம் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் லே-அவுட் கம்பெனி வேன்கள் வரிசையாக நிற்கும். ‘இலவச வாகன வசதி, மதிய உணவு உண்டு’ என்று பேனர் கட்டியிருப்பார்கள். ஏறி உட்கார்ந்தால் பொங்கல் பொட்டலம் கொடுத்து, மனையைச் சுற்றிக் காட்டி, ஷாமியானா போட்டுச் சாப்பாடு போட்டு, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அடுத்த நோட்டீஸுக்குக் ‘குடும்பத்தோடு சிரிக்கும் வாடிக்கையாளர்கள்’ படம் வேண்டும் என்று லே-அவுட் சார் அப்படி ஒரு வேனில் என்னையும் ஏற்றிவிட்டிருந்தார். அவர் முன்னாலேயே காரில் போய்விட்டார்.

எனக்குப் பக்கத்தில் அமுதா அக்கா. நாற்பது வயதிருக்கும். தாம்பரம் சானடோரியம் பக்கம் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்த சட்டைகளைச் செக் பண்ணுகிற வேலை. பின்சீட்டில் செம்பாக்கத்துக்காரர் ஒருவர், இந்த வேன்களிலேயே ஞாயிறுகளைக் கழிக்கிறவர், வீட்டுக்காரம்மாவோடு வந்திருந்தார்.

“போன வாரம் போனமே அந்தக் கம்பெனில வடை சூப்பர். இங்க வடையே காணோமே?” என்றார் அவர்.

“இன்னா பெர்சு, மனை வாங்க வந்தியா, வடை துன்ன வந்தியா?” என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

“வாங்கறவனுக்கு மட்டுந்தான் வடையா? பாக்கறவனுக்கும் பசிக்குமில்லப்பா.”

வேனே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அமுதா அக்கா நோட்டீஸை எடுத்து மரத்தைக் காட்டிய பிறகு எனக்குக் காது அடைத்துவிட்டது.

“இப்ப இருக்கற வூட்ல மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு தம்பி” என்றார். “லீவு நாள்ல பகல்ல உள்ள இருக்க முடியாது. வூடு கட்டறதெல்லாம் பத்து வருஷம் ஆவட்டும். மொதல்ல இந்த மரத்தடில ஒரு சேரைப் போட்டு ஒக்காருவேன். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து ஒக்காந்துட்டுப் போவேன். சீட்டுப் பணத்தை எடுத்து கையோட கொண்டாந்துட்டேன். இன்னைக்கே அட்வான்ஸ்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “இவங்க மரத்தை வெட்டிட மாட்டாங்கல்ல? நீங்க கம்பெனி ஆளுதானே, கேட்டு எழுதி வாங்கித் தருவீங்களா?” என்றார்.

“கேட்டுப் பாக்கறேன்க்கா” என்றேன். என் வாயில் வந்தது அதுதான். நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

வண்டலூர் வந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், டிரைவர் ஹாரன் அடித்தார். வாயை மூடிக்கொண்டேன். சொன்னால் லே-அவுட் சார் போய்விடுவார். அவரோடு அடுத்த வருடத்து வேலை, கேமராவுக்குப் புது மூடி, யூசுப் அவன் வாப்பாவிடம் நிமிர்ந்து பேசுகிற நாள் எல்லாம் போய்விடும். சொல்லாவிட்டால்? அங்கே போனதும் அக்காவே பார்க்கத்தானே போகிறார், மரம் இல்லை என்று தெரிந்துவிடும், நான் எதற்கு நடுவில் என்று ஒரு கணக்குப் போட்டேன். ஊரப்பாக்கம் வருவதற்குள் அந்தக் கணக்கும் தப்பாகிவிட்டது. எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த கம்பெனி மேற்பார்வை ஆள் முன்சீட்டிலிருந்து திரும்பி, “மரம் எல்லாம் செகண்ட் பேஸ்ல இருக்கும்மா, இன்னைக்கு அந்தப் பக்கம் ரோடு சரியில்ல. அட்வான்ஸ் போட்டுட்டா உங்களுக்கு அங்கயே அலாட் பண்ணிடலாம்” என்று நாக்கூசாமல் சொன்னார். அக்காவின் முகம் மலர்ந்தது. என் படத்தில் இருந்த பொய்க்கு இப்போது கையும் காலும் முளைத்து, வேனிலேயே எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டது.

இறங்கினோம். ஷாமியானாவுக்குள் நாற்காலிகள். மேசைக்குப் பின்னால் லே-அவுட் சார் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், “வாப்பா ஆர்ட்டிஸ்ட்டு, எல்லாரையும் சிரிக்கச் சொல்லிப் படம் எடு” என்றார். எல்லோரும் நோட்டீஸால் விசிறிக்கொண்டிருந்தார்கள். பதினாலு புங்கமரங்கள் அசைந்தன. காற்று வந்ததோ இல்லையோ, எனக்கு வியர்த்தது.

அக்கா உட்காரவில்லை. நோட்டீஸை வெயிலில் பிடித்துக்கொண்டு கற்களையும் அதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் படம் எடுக்கிற சாக்கில் பக்கத்தில் போனேன். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டேதான் சொன்னேன், முகத்தைக் காட்டிச் சொல்லத் தைரியம் இல்லை.

“அக்கா, அந்த மரம் எந்தப் பக்கமும் இல்ல. செகண்ட் பேஸ்லயும் இல்ல. அது பீர்க்கன்கரணை ஏரிக்கரை மரம். நான்தான் கம்ப்யூட்டர்ல ஒட்டினேன். அட்வான்ஸ் குடுத்துடாதீங்க.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. நோட்டீஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நெழலு” என்றார்.

“என்னக்கா?”

“படத்துல கல்லோட நெழலெல்லாம் இப்பிடி விழுது. மரத்தோட நெழலு மட்டும் அப்பிடி விழுது. வேன்ல ஏறுனதுலேர்ந்து ஏதோ உறுத்திக்கினே இருந்துச்சு தம்பி. ஆசையா இருந்துச்சா, அதான் கண்ணு சரியாப் பாக்கல.” மரத்தின் ஓரத்தை விரலால் தடவி, “நல்லாத்தான் ஒட்டியிருக்கீங்க” என்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இவங்களுக்கெல்லாம் தெரியுமா?” என்று ஷாமியானா பக்கம் தலையை ஆட்டினார்.

“தெரியாதுக்கா.”

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். அந்த இடத்தைப் போன வாரம் நோட்டீஸ் கைக்கு வந்த மறுநாள் போய்ப் பார்த்தேன். எங்கே கல் இருந்தது, எங்கே வளைவு இருந்தது என்று அடையாளம் தெரியவில்லை. மதில் மதிலாக வீடுகள். ஏரிக்கரையில் அசல் புங்கமரமும் இல்லை, அங்கே நடைபாதை போட்டுக் கம்பி வேலி கட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வேன்கள் இல்லை. வடைக்காக மனை பார்க்கிறவர்களும் இல்லை. எங்கள் டிடிபி சென்டர் இருந்த மாடியில் இப்போது ஏதோ கோச்சிங் கிளாஸ். யூசுப் துபாய்க்குப் போய் அங்கே போர்டு எழுதும் கம்பெனி வைத்திருக்கிறான், போனில் பேசினால் இன்னும் “மச்சான், ரெண்டு டிசைன்தானே காட்டுன?” என்று கேட்கிறான். லே-அவுட் சார் அன்றைக்குப் பிறகு எங்கள் படியேறவில்லை. அமுதா அக்காவையும் நான் பிறகு பார்த்ததில்லை. மரத்தை நாள் முழுக்க இலை இலையாக வெட்டுகிற வேலையும் போய்விட்டது. இப்போது ஏஐயிடம் ஒரு மரம் கேட்டால் தோப்பே வந்து நிற்கிறது, நிழலும் சரியான பக்கத்திலேயே விழுகிறது. உறுத்துவதற்குக்கூட ஒன்றும் இல்லை. அதனால்தான் புதிதாக வருகிறவர்களிடம் மற்றதை மறந்தாலும் இதை மறக்காமல் சொல்கிறேன்: அந்தச் சின்ன வரியைப் போடுங்கள். ஓரம் அசிங்கமானால் ஆகட்டும். எடுத்தது எது, ஒட்டியது எது என்று வாங்குகிறவருக்குத் தெரியட்டும்.

ஆனால் அன்றைக்கு, அந்த வெயிலில், எனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. அக்கா திரும்பி வேனுக்குப் போய் உட்கார்ந்துகொள்வார், மற்றவர்கள் பாடு அவரவர் பாடு, நானும் படம் எடுத்தேன் என்று பேர் பண்ணிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். லே-அவுட் சார் ரசீதுப் புத்தகத்தைத் தட்டி, “யாரு மொதல்ல?” என்று கேட்டார். செம்பாக்கத்துக்காரரின் வீட்டுக்காரம்மாவே கையில் பணக் கவரோடு எழுந்துவிட்டார்.

அமுதா அக்கா கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். தாள் நிறையச் சின்னச் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்கள். கம்பெனியில் சட்டையைச் செக் பண்ணும்போது தையல் தப்பான இடத்தைக் காட்ட ஒட்டுவது அது. ஒன்றைப் பிய்த்துத் தன் நோட்டீஸில் புங்கமரத்தின் மேல் ஒட்டினார். பிறகு தாளை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை என் கையில் வைத்தார்.

“நீங்க அந்தப் பக்கத்துலேர்ந்து ஒட்டிக்கினே வாங்க தம்பி” என்று சொல்லிவிட்டு, நேராக முன்வரிசைக்குப் போய், நின்றுகொண்டிருந்த அந்த அம்மாவிடம், “உங்க நோட்டீஸை ஒரு நிமிஷம் குடுங்கக்கா” என்று கையை நீட்டினார்.